ரெண்டு முழம்

"அப்பன் முழம் போட்டு நட்ட கல்லுக்கு இப்ப எதுக்குங்ணா மிசினு?"

மணியன் மூன்றாவது முறையாகக் கேட்டான். அண்ணன் வெங்கடாசலம் எல்லைக்கல்லைச் சுற்றியிருந்த புல்லை விலக்கிக்கொண்டிருந்தார். இருவர் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் நடுவே வரப்பாக ஓடிய பொலியில் சர்வேயர் தனப்பிரியா மஞ்சள் கம்பை ஊன்றி, அதன் உச்சியில் தொப்பி போன்ற கருவியை மாட்டினார்.

"ஏனுங்க, இது வானத்தக் கேட்டா அளவு சொல்லும்?"

"ஆமாங்க, சேட்டிலைட்டுங்க."

"எங்கப்பன் வானத்தக் கேக்கலீங்க. முழங்கைய நீட்டிக் கயித்த அளந்தாரு. ஒரு நுனி அண்ணன், மறு நுனி நான். எறும்பு கடிச்சுதுன்னு நான் உட்டுப்போட்டேன். 'கல்யாணமாகியும் கயிறு புடிக்கத் தெரியலயேடா'ன்னு முதுகுல ஒண்ணு வெச்சாரு."

தனப்பிரியா சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

"முழமும் சாணும் போயி எத்தன வருசமாச்சு. சும்மா நில்றா."

"அப்பன் கையி மேல நம்பிக்கையில்லீன்னு சொல்லுங்க!"

மணியன் கருவியையே பார்த்தான். கல் ஒரு அடி தள்ளியிருந்தாலும் போச்சு. ஒரே கிணற்றில் தண்ணீர் பாய்ச்சும் அண்ணன் தம்பி பேச்சு அத்தோடு முறிந்துவிடும்.

கருவி 'பீப்' என்றது. தனப்பிரியா வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தார்.

"பாகம் பிரிச்சப்ப எங்க ஆபீசுல வரைஞ்சதுங்க. கல்லு அதே எடத்துலதான் இருக்குது. நகரவே இல்லீங்க."

"இருக்காதுங்க," என்றார் வெங்கடாசலம். "இன்னொருக்கா பாருங்க."

பார்த்தார். அதேதான்.

அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"மணியா, கெணறு வத்துன வருசம் நீ மாமனாரு ஊட்டுக்குப் போயிருந்தியே, அப்ப இந்தக் கல்லப் புடுங்கி, ரெண்டு முழம் அளந்து உம்பக்கம் தள்ளி நட்டேன். அதுல இருந்து சோறு எறங்கல. அளந்து உனக்கே திருப்பிக் குடுக்கத்தான் இவிங்களக் கூட்டியாந்தேன். இந்த மிசினு பொய் சொல்லுதுடா!"

மணியன் தலைகுனிந்தான். மிஷின் பொய் சொல்லவில்லை. மறுவருடம் அண்ணன் பழனிக்குப் போயிருந்தபோது, அந்தக் கல்லைப் பிடுங்கி, இரண்டு முழம் அளந்து அண்ணன் பக்கம் தள்ளி நட்டவன் அவன்.

அண்ணனின் முழமும் தன் முழமும் ஒரே நீளம் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.