காத்மாண்டு போய்வந்த சிங்காரி

“அம்சாக்கா, காத்மாண்டு போயிட்டுத் திரும்பியும் வந்தாச்சு. எங்க காரு ஊருக்கு ஊரு படுத்துக்கிச்சு. உங்க சிங்காரி மட்டும் ஒரு தடவகூடப் படுக்கலையே, இன்னா வைத்தியம் பண்றீங்க?”

திண்டிவனம் டீக்கடை வாசலில் கோட்டக்குப்பத்து தாஜுன்னிசா கேட்டதும் அம்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கண்ணு வைக்கிறியா? நல்லா வை. அதுவாவது பலிக்குதான்னு பாப்போம்!”

பழைய கார் வைத்திருக்கும் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து போன வெளிநாட்டுப் பயணம் அது. கார்களில் வயதில் மூத்தது சிங்காரி. மாமனார் பெரியசாமி தன் கல்யாணத்துக்கு வாங்கியது. விழுப்புரம் வீட்டுக் கொட்டகையை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் மாவு மில் வைக்க அம்சாவுக்கு வெகுநாள் ஆசை.

கிளம்பும்போது அவள் புருஷன் நடராசன் எல்லார் முன்னாலும் மார்தட்டினான்: “வழியில ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் ஆவலன்னாலும் இவள வித்துட்டு உனக்கு மில்லு வச்சித் தரேன். நல்லபடியா வீடு வந்துட்டா, மில்லுப் பேச்சே எடுக்கக் கூடாது!”

“அப்படின்னா நானும் வர்றேன்” என்று பின்சீட்டில் ஏறிய பெரியசாமி, ஒரு மஞ்சள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தவர்தான். இமயமலையைக்கூடக் கண் திறந்து பார்க்கவில்லை.

டீ ஆறுவதற்குள் அம்சா, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் பானெட்டைத் தூக்கி, இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் ‘காயில்’ ஒயரைப் பிடுங்கிவிட்டாள். இதற்கு முன்னால் நாக்பூரிலும் பிடுங்கினாள், காசியிலும் பிடுங்கினாள், காத்மாண்டுக் குளிரில் விரல் விறைக்க விறைக்கப் பிடுங்கினாள். ஒவ்வொரு தடவையும் கார் கிளம்பியது. அடுத்த ஊரில் பார்த்தால் ஒயர் அதனிடத்தில் இருந்தது. புருஷன் கமுக்கமாக மாட்டிவிடுகிறான். கேட்டால் தன் குட்டு அல்லவா உடையும்!

“மருமவளே, கொஞ்சம் சோப்பு குடு.”

ஒதுங்கப் போன பெரியசாமி, வழக்கம்போல வேட்டியெல்லாம் கரியாகத் திரும்பி வந்தார்.

“எங்க மாமா போய்ப் பொரள்றீங்க? காசியில முங்கியே போவாத கரி, இந்தச் சோப்புக்கா போவப் போவுது?”

“கண்ணு தெரியலம்மா. கெடச்சதப் புடிச்சிக்கினு நடக்கிறேன்.”

“ஏறுங்க ஏறுங்க, ஜல்தி!” என்று நடராசன் சாவியைத் திருகினான். அம்சா மேல்மலையனூர் அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

சிங்காரி முதல் இழுப்பிலேயே சீறிக்கொண்டு கிளம்பியது. விக்கிரவாண்டி டோல்கேட்டு வரிசையில்கூட ஒரு இருமல் இல்லை. விழுப்புரம் வீட்டு வாசலில் மணப்பெண் மாதிரி போய் நின்றது.

அம்சாவுக்குப் பொறுக்கவில்லை. “நீங்களே ஜெயிச்சீங்க, போதுமா? நான் ஒயரப் புடுங்கப் புடுங்க, நீங்க மாட்டிக்கினே வந்தீங்களே! பொண்டாட்டிகிட்ட ஒரு தடவ தோத்தா இன்னா கொறஞ்சா போயிடுவீங்க?”

நடராசன் முகம் இஞ்சி தின்றதுபோல் ஆனது.

“நானா மாட்டுனேன்? அடிப்பாவி! நானா விக்கிறேன்னா அப்பா சோறு திங்கமாட்டாரு, தானா நின்னாலாவது இந்தப் பேஜாரு தொலையும்னுதானே பந்தயமே கட்டுனேன்! நின்ன எடத்துல எல்லாம் பெட்ரோல் டியூபக் கழட்டி உட்டுக்கினு வந்தவன்டி நான்!”

இருவரும் மெல்லப் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியசாமி தலையைச் சற்றே அசைத்தார். மஞ்சள் பைக்குள் ஸ்பேனர்கள் கிணுகிணுத்தன.

“சோப்ப உள்ள எடுத்து வச்சிடு மருமவளே” என்றார், கண்ணைத் திறக்காமலே. “இனிமே எனக்கு வேல இல்ல.”