இரண்டு வயல், இருபது சொட்டு

“உங்க மேல மனு வந்திருக்கும்மா. அறிவியல் பாடம்னு சொல்லிப் பிள்ளைங்களைக் கோஷம் போட வைக்கிறீங்களாம்” என்றார் பள்ளி ஆய்வாளர் நடராசன்.

அக்னஸ் டீச்சருக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரே மாதம். இந்த மனிதர் ஒரு வரி எழுதினால் போதும், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மனுவில் பெயர் இல்லை. பெயர் எதற்கு? பள்ளிக்கூடத்தை ஒட்டிப் பண்ணை வீட்டு மதில். கூலிச் சண்டையில் அறுவடைக்கு ஆள் இறங்காத வருஷம் அது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ‘சமம்’ என்று யாராவது உரக்கச் சொன்னாலே மிராசுதார் வீடுகளில் சோறு இறங்காது.

பாடத்தை நடத்திக் காட்டச் சொன்னார் ஆய்வாளர்.

மைதானத்தில் உமிச்சாம்பலால் கோடிழுத்த இரண்டு வயல்கள், அருகருகே, ஒரே அளவில். நடுவில் மதகு. மதகு வேறு யாருமில்லை, இரண்டாம் வகுப்பு மிக்கேல்ராஜ்தான். கைகளை விரித்துக்கொண்டு விறைப்பாக நின்றான்.

மற்ற பிள்ளைகள் எல்லாரும் தண்ணீர்ச் சொட்டுகள். ஒரே வயலில் நெருக்கியடித்து நின்றார்கள். பக்கத்து வயல் காலி.

மதகு கையை இறக்கியதும் தண்ணீர் பாய வேண்டும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றானதும் நிற்க வேண்டும். டீச்சர் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

கோஷத்தைத் தண்ணீர் தானாகக் கண்டுபிடித்தது. அப்பன் தோளில் உட்கார்ந்து ஊர்வலம் போய்வந்த சொட்டுகள் ஆயிற்றே!

மிக்கேல்ராஜ் கையை இறக்கினான்.

“சமமாகுற வரைக்கும்” என்று ஒரு சொட்டு எடுத்துக்கொடுக்க, “நிக்க மாட்டோம்!” என்று மற்றதெல்லாம் கத்திக்கொண்டு பாய்ந்தன.

இன்றைக்கு ஒருநாளாவது இதுகள் வாயை மூடிக்கொண்டு ஓடக்கூடாதா என்று மாதாவை வேண்டினாள் டீச்சர். மாதாவுக்கு வேறு வேலை இருந்திருக்கும் போல.

போதாக்குறைக்கு இருபதாவது சொட்டான ஆசியாவுக்குக் காய்ச்சல். வந்திருந்தவை பத்தொன்பது சொட்டுகள்தான். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் ஒன்பது. ஒருத்தி அங்கே ஓடினால் அங்கே பத்து, இங்கே ஒன்பது.

சமமும் ஆகவில்லை, கோஷமும் நிற்கவில்லை. ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள்.

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தானே ஒரு வயலுக்குள் போய் நின்றால் தீர்ந்தது என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

தோன்றியது முதல் வகுப்புக் காத்தாயிக்கு. விரல்விட்டு எண்ணிப் பார்த்தவள், நேரே போய் ஆய்வாளரின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“சார், ஒரு சொட்டு குறையுது. வாங்க.”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவர் பேனாவைப் பையில் செருகிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சாம்பல் வயலானாலும் வயல்தானே, செருப்போடு யார் இறங்குவார்கள்? ஒன்பது பேர் நின்ற பக்கம் போய்ப் பத்தாவதாக நின்றார்.

“சமம்!” என்று இருபது சொட்டும் கத்தின. அதில் ஒன்று நல்ல கட்டைக் குரல்.

பிறகு அவர் முகம் கழுவினார், ஆய்வுக் குறிப்பேட்டில் ஏதோ எழுதி மூடினார், சைக்கிள் ஏறிப் போய்விட்டார்.

டீச்சர் பக்கத்தைப் புரட்டினாள்.

‘மனு நேரில் விசாரிக்கப்பட்டது. கோஷம் போட்டது உண்மை. ஆனால் போட்டது தண்ணீர். தண்ணீர் மீது நடவடிக்கை எடுக்கக் கல்வித் துறைக்கு அதிகாரம் இல்லை. மனுவைப் பொதுப்பணித் துறைக்கு அனுப்பவும்.’