தாழ்வாரத்து நீலம்

"பச்சை விழணும் ஆண்டவரே, இன்னிக்காவது பச்சை விழணும்" என்று முணுமுணுத்தபடி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார் வெர்னன். கூண்டுக்குள் பந்துகள் உருள ஆரம்பித்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

சூதாட்டம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் என்ற ஊரில் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் குதிரை வண்டி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்தப் பந்துதான் முடிவு செய்யும். எல்லா வண்டியும் ஒரே தெருவில் போய் மொய்த்தால் குடியிருக்கிறவர்கள் சும்மா விடுவார்களா? கவர்னரே வந்து ஏறினாலும் விழுந்த நிறத்துக்கு உண்டான தெருக்கள்தான்.

வண்டிக்காரன் டெஸ்மண்டுக்கு இந்தக் கிழவரைப் பார்த்தால் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வாரம் முழுக்க தினமும் வருகிறார். தினமும் வேறு நிறம் விழுகிறது. முகம் தொங்கிப் போய் இறங்குகிறார்.

"பழைய வீடுன்னா அவ்ளோ பைத்தியமா சார்? ஊரே உள்ளங்கை அகலம்தான். நடந்தே போய்ப் பாத்துட்டு வரலாமே?"

"நடந்து போய் ஒரு வீட்டு வாசல்ல நின்னா, யாரு என்னன்னு கேப்பாங்க தம்பி. வண்டியில வந்து எவ்வளவு நேரம் பாத்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க."

"பச்சை!" என்று கத்தினாள் பந்து எடுத்தவள்.

"அடிச்சது சார் யோகம்!" என்று டெஸ்மண்ட் திரும்பிப் பார்த்தான். கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"சர்ச்சுக்குப் பின்னால ஒரு வெள்ளை வீடு. பக்கவாட்டுல நீளமா தாழ்வாரம் இருக்கும். அங்க நிறுத்தினா நான் கொஞ்சம் இறங்கிக்கலாமா? சாயங்காலம் பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேன். மறுபடி இவ்ளோ தூரம் வர இந்த உடம்பு கேக்காது."

"நடுவுல இறக்கிவிடக் கூடாதுதான். சரி, உங்களுக்காக."

வண்டி கிளம்பியது. மின்னசோட்டாவிலிருந்து வந்திருந்த லின்னியா ஒவ்வொரு வீட்டுக்கும் "ஐயோ, என்ன அழகு!" என்று உருகினாள். அவள் புருஷன் கர்ட் தொப்பியால் விசிறிக்கொண்டே, "இந்த வெயில்ல வேகறதுக்கு வீட்டுலயே கிடந்திருக்கலாம்" என்றான்.

ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருத்தி ஒரு சுவரைக் காட்டினாள். "அந்தச் செங்கல்ல குட்டி குட்டியா விரல் தடம் இருக்கு பாருங்க. செங்கல் அறுத்த அடிமைப் பிள்ளைங்க விரல். அழகாம் அழகு!"

வெர்னன் எதையும் பார்க்கவில்லை. டையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். மடியில் ஒரு காகிதப் பை நிறைய எள் பிஸ்கட்.

"என்ன பெரியவரே, மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்க?" என்று கர்ட் சீண்டினான். அவர் லேசாகச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்து டெஸ்மண்ட் பார்த்தது அப்போதுதான்.

வெள்ளை வீட்டின் முன் குதிரை நின்றது. தாழ்வாரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி, எல்லா வண்டிக்கும் கையசைப்பது போல இதற்கும் அசைத்தாள். கிழவர் அதற்குள் எழுந்து ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார்.

டெஸ்மண்டுக்குத் தன் பாட்டைப் பாடாமல் இருக்க முடியுமா? "தாழ்வாரத்துக் கூரையைப் பாருங்க, நீலம் தெரியுதா? எங்க கறுப்பு சனங்க வழக்கம் அது. செத்தவங்க ஆவி அதைத் தண்ணின்னு நினைச்சுத் தாண்டி வராதாம். இந்தம்மா வெளியூர்க்காரங்க, ஆனாலும் போன வருசம் அவங்களே ஏணி போட்டு ஏறி இந்த நீலப் பெயிண்டை அடிச்சாங்க. எதுக்கும்மான்னு கேட்டேன். 'எங்கப்பன் செத்துட்டான், திரும்பி வந்துடக் கூடாது பாரு'ன்னாங்க!"

வண்டியே சிரித்தது. கர்ட் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "அப்படி என்னதான் பண்ணானோ அந்த மனுசன்" என்றாள் டீச்சரம்மா.

டெஸ்மண்ட் திரும்பினால், கிழவர் பழையபடி உட்கார்ந்திருந்தார். தொப்பியை மூக்கு வரைக்கும் இறக்கிவிட்டிருந்தார்.

"என்ன சார், இறங்கலையா?"

"கால் மரத்துப் போச்சு. நீ ஓட்டு தம்பி."

டெஸ்மண்டுக்கு எரிச்சலாக வந்தது. வாரம் பூரா தவம் கிடந்துவிட்டு, வாசலுக்கு வந்ததும் கால் மரத்துப் போச்சாம்! போகட்டும் என்று குதிரையைத் தட்டிவிட்டான்.

லாயத்துக்கு வந்ததும் வழக்கம்போல எல்லோரையும் கேட்டான். "எப்படி இருந்துச்சு எங்க ஊரு?"

"சொர்க்கம்" என்றாள் லின்னியா.

"அடுப்பு" என்றான் கர்ட்.

"கட்டினவங்க பேரு ஒரு சுவத்துலயும் இல்லியேப்பா" என்றாள் டீச்சரம்மா.

வெர்னன் கடைசியாக இறங்கினார். கால் நன்றாகத்தான் ஊன்றியது. பிஸ்கட் பையை டெஸ்மண்ட் கையில் வைத்தார்.

"நீ சாப்பிடு தம்பி. எனக்கு வேண்டாம்."

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே சார்?"

"என்ன சொல்ல? அந்த நீலம் நல்லாவே வேலை செய்யுது."

"அட நீங்க வேற! அது செத்தவங்களைத்தான் சார் தடுக்கும்."

வெர்னன் பஸ் நிலையம் இருக்கும் பக்கமாகத் திரும்பி நின்றார்.

"அதான் சொல்றேன். அவளோட அப்பன் நான்தான்."