வேலை செய்த மாத்திரை

சட்டைக்குப் பட்டன் தேடி, டெய்லர் அப்பாவின் பட்டன் டப்பாவைக் கவிழ்த்தாள் மகள். பட்டன்களோடு புராஸ்டேட் மாத்திரைகளும் உருண்டன. இரண்டு மாதத்து மாத்திரை!

"தினமும் என் கண்ணெதிர்ல முழுங்கினீங்களேப்பா, அத்தனையும் நடிப்பா?"

அப்பா தையல் மெஷினில் நூல் கோர்க்க ஆரம்பித்தார்.

"இப்படியே விட்டா நீர் அடைச்சுக்கும், டியூப் போட வேண்டியதுதான்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? ராத்திரி அஞ்சு தடவை எழுந்திருக்கிறீங்க!"

"எழுந்திருக்கணும்மா."

"ஏன், பாத்ரூம்ல புதையலா இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை.

"எழுந்திருக்கிறப்பல்லாம் உங்கம்மாவைப் பார்ப்பேன். மூச்சு இழுத்துச்சுன்னா உடனே ஸ்பிரே குடுப்பேன்."

மகளின் குரல் தணிந்தது. "அம்மா போய் ரெண்டு மாசம் ஆச்சுப்பா."

"எனக்கு அந்த இழுப்புச் சத்தம் இன்னும் கேக்குதே."

"மாத்திரை போட்டா நிம்மதியா தூங்கலாம்ப்பா."

"தூங்கினேனே! மாத்திரை ஆரம்பிச்ச வாரமே ஒருநாள், ஒரு தடவைகூட எழுந்திருக்காம அசந்து தூங்கினேன். விடிஞ்சுதான் முழிச்சேன்."

"நல்லதுதானே?"

அப்பா மாத்திரைகளைப் பொறுக்கி மறுபடி டப்பாவுக்குள் போட்டார்.

"அன்னைக்குக் காலையிலதாம்மா, அம்மா உடம்பு சில்லுன்னு கிடக்குன்னு உனக்குப் போன் பண்ணினேன்."