இஷ்பெல் கேட்ட மெட்டு

“அடக்கத்துக்கு நிதானமா, மனசைப் பிசையுற மாதிரி ஒண்ணு வாசிக்கிறேன்மா,” என்றார் பேக்பைப் என்ற ஊதுகுழல் வாத்தியம் வாசிக்கும் கிரகர்.

“வேண்டாம். பொண்ணும் மாப்பிள்ளையும் சர்ச்சை விட்டு வெளிய வரும்போது வாசிப்பீங்களே, அந்தத் துள்ளல் மெட்டுதான் வேணும்,” என்றாள் இஷ்பெல்.

“புருஷனோட சவப்பெட்டிக்கு முன்னாடி கல்யாண மெட்டா? நம்ம ஸ்காட்லாந்து ஜனங்க ஆரம்பத்தைக் கேட்டாலே எது எதுக்குன்னு சொல்லிடுவாங்க. சிரிப்பாங்கம்மா!”

“சிரிக்கட்டும்.”

“உங்க கல்யாணத்துல வாசிச்சதா?”

“இருபது வருஷத்துக்கு முன்னாடி எங்க கல்யாணத்துல பேக்பைப்பே கிடையாது. அந்தச் சத்தம் கேட்டாலே தலைவலின்னுட்டார்.”

“அப்புறம் எதுக்கு?”

அவள் ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். “அவர் கோட்டுப் பையில இருந்துச்சு. அதான் உங்களைத் தேடிப் பிடிச்சேன்.”

இன்வர்னஸில் ஒரு சர்ச் வாசல். சிரிக்கும் மாப்பிள்ளை, அவர் கையைக் கோத்தபடி மணப்பெண். பின்னால் கன்னம் உப்ப வாசித்துக்கொண்டிருந்தது கிரகரேதான். போன மே மாதம் அவர் வாசித்த கல்யாணம்.

“மாப்பிள்ளைதான் இப்பப் பெட்டியில இருக்கார். பொண்ணு என் சிநேகிதி. நேத்து வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிக்கிட்டு, என்னைவிட ஜாஸ்தியா அழுதா,” என்றாள் இஷ்பெல். “நாளைக்கு அவ பக்கத்துல போய் நின்னு வாசிங்க.”