பேரைக் கெடுத்த பாட்டு

"வரிதான் மாப்ளே பாட்டு. அவ பேரைச் சொல்லியே அவளைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருக்கான் பாரு. வேற எவன் எழுதுவான் அப்படி?"

"வரியை யாரு மாமா கேட்டா? அந்த வலது கைதான் பாட்டே. கிதார்ல அந்த வீச்சு இன்னிவரைக்கும் எவனுக்கும் வரல."

காத்திருப்பு அறையில் அச்சகக்காரரும் அவர் மைத்துனரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே காது மருத்துவர் தன் கருவிகளைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இருவருக்கும் ஒரே பழைய ராக் குழுவின் மேல் பித்து. குழு கலைந்து இவர்களுக்குத் தலை நரைத்த பிறகும் பஞ்சாயத்து மட்டும் தீரவில்லை.

அந்தப் பாட்டில் டிரம்ஸ் அடி ஒரு நூல் பிந்தி விழுகிறதே, அது என்ன மாதிரியான மேதைமை என்று மைத்துனர் தொடையில் தட்டித் தட்டி விளக்கினார். பாட்டின் ஏக்கமே அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறதாம்.

டிரம்ஸ்காரன் என்றைக்கும் நிதானத்தில் இருந்ததில்லை என்பது உள்ளே இருந்த மருத்துவருக்குத் தெரியும். அவனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி வாசிக்க வைத்த நாட்களும் உண்டு.

வரியா வாத்தியமா என்பதில் மாமனும் மாப்பிள்ளையும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போனார்கள்.

"என்ன இருந்தாலும் அந்தப் பொம்பளைதான் குழுவையே குட்டிச்சுவராக்கினா."

"அதுல என்ன சந்தேகம்?"

அந்தப் பொம்பளை, துடைத்த துணியை மடித்து வைத்தாள்.

கிதார்காரனுக்கு அவள் மனைவியாக இருந்தாள். பிறகு ஒரு பெட்டியோடு வீட்டைவிட்டு வெளியேறினாள். அவள் வேறு வீடு பார்த்து முடிப்பதற்குள் அவள் பெயரிலேயே அவன் எழுதிய பாட்டு வந்துவிட்டது. பாம்பு என்றது. வீட்டைக் கொளுத்தியவள் என்றது. தெருவெல்லாம் பாடியது.

வங்கியிலோ பல் மருத்துவமனையிலோ பெயரைச் சொன்னால் போதும், யாராவது அந்த வரியை முணுமுணுப்பார்கள். அம்மா இறந்த அன்று சவ வண்டி ஓட்டி வந்தவரும் அதைத்தான் முணுமுணுத்தார். அறைக்கதவில் இப்போது அவள் பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் இருக்கிறது.

அந்த வலது கையைப் பற்றி இவர்களைவிட அவளுக்கு அதிகம் தெரியும். ஒரு நாள் ஓங்கிக் கன்னத்தில் விட்டான். இடது காது அன்றோடு செத்தது. காதைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே அதற்குப் பிறகுதான்.

"அடுத்தவங்க வாங்க" என்றாள்.

அச்சகக்காரருக்குக் கொஞ்ச நாளாகக் காது மந்தம். விளக்கடித்து இரண்டு காதுகளையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார். பரீட்சை எழுதும் பிள்ளை போல நெற்றியைச் சுருக்கினார்.

சத்தத்தைக் கூட்டும் குமிழ் அவள் விரல்களுக்கிடையில் இருந்தது. கடைசிவரை ஒரே திருப்பு. இடதா வலதா என்றுகூடத் தேர்ந்தெடுக்கலாம்.

கை பரபரத்தது. குமிழ் நகரவும் செய்தது. கூண்டுக்குள் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் செய்த அதே வேலையைத் தானும் செய்வதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கூண்டைவிட்டு வெளியே வந்ததும் அவர் முதலில் கேட்டது பாட்டைப் பற்றித்தான்.

"பாட்டுக் கேக்க முடியும்ல டாக்டர்? ஒரு பாட்டு இருக்கு. என் பொண்ணுக்கே அந்தப் பேருதான் வெச்சிருக்கேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். தினமும் காலையில் அதை அலறவிட்டுத்தான் மகளை எழுப்புவாராம். காலேஜில் பையன்கள் அவள் பின்னாலேயே அந்தப் பாம்பு வரியைப் பாடிக்கொண்டு போகிறார்களாம். பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று அழுதாளாம். இப்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பாவோடு பேச்சே இல்லையாம்.

"சின்னப் பொண்ணு. பாட்டோட அருமை எங்க தெரியுது?"

கூடவே உள்ளே வந்திருந்த மைத்துனர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் பரிசோதனைத் தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"இனிமே நீங்க பாட்டுக் கேக்கக் கூடாது."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஆயுசுக்கும். அதுலயும் கிதார் சத்தம் ஆகவே ஆகாது. ஒரு தடவை பட்டாப் போதும், மிச்சம் இருக்கற நரம்பும் போயிடும். வீட்ல வேற யாரும் போடவும் கூடாது."

அச்சகக்காரரின் வாய் கோணியது. அத்தனை பெரிய மனிதர், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசும்பினார். அவள் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"வாய்க்குள்ள முணுமுணுத்துக்கலாமா டாக்டர்?"

"மனசுக்குள்ளகூட வேண்டாம்."

மைத்துனர் அவரைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனார். படிக்கட்டில் இறங்கும்போது இரண்டு பேரும் எதைப் பற்றியும் வாதாடவில்லை.

அவள் கொடுத்தனுப்பியது காது அழுக்கை இளக்குகிற சொட்டு மருந்து. அவருக்கு இருந்த வியாதி அவ்வளவுதான். நாலு நாளில் அடைப்பு விட்டுவிடும். அப்புறம் பக்கத்து அறையில் மகள் தன் அம்மாவிடம் அவரைப் பற்றிச் சொல்வதெல்லாம், ஒரு வார்த்தை பிசகாமல், அவருக்கு நன்றாகக் கேட்கும்.