முன்கயிறு

சனிக்கிழமை காலைகளில் நாங்கள் மூன்று நண்பர்களும் வீட்டுக்குப் பக்கத்து ஏரியில் ஆளுக்கொரு மிதவைப் பலகையில் நின்று துடுப்புப் போடுவோம். அன்று நானும் நர்ஸாக வேலை பார்க்கும் அக்காவும் கரையேறிய பிறகு காற்று மாறியது. எங்களில் மூன்றாமவனான பஸ் டிரைவரின் பலகையை அது ஏரியின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போனது. அவன் துடுப்பு கைநழுவிவிட்டது. நீச்சலும் அவனுக்குச் சுமார்தான்.

"மச்சான், குப்புறப் படுத்துக்கடா! எந்திரிக்காத!" என்று கத்தினேன். மீட்புப் படகு வர அரைமணி ஆகும் என்று போனில் சொன்னார்கள்.

அப்போது பலகை திரும்பியது. காற்றை எதிர்த்து நேராக எங்களிடம் வந்தது. அதன் முனையில் கட்டியிருந்த முன்கயிறு விறைப்பாக நீண்டிருந்தது. கயிற்றின் மறுமுனையில் யாரும் இல்லை.

பலகை மணலில் ஏறியதும், "நீயாடா இழுத்த? என்னைவிட நல்லா ஓட்டுறியே" என்றான் அவன், தலை நிமிராமலே.

கயிறு இன்னும் தளரவில்லை. இடுப்பு உயரத்தில் அப்படியே நின்றது. நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் கண்விழித்த உறவினரை வீட்டுக்கு அனுப்பும் குரலில் அக்கா சொன்னாள்:

"ரொம்ப நன்றிங்க. விட்டுடுங்க, இனி நாங்க பாத்துக்குறோம்."

கயிறு மெல்ல மணலில் விழுந்தது. நாங்கள் இருவரும் ஒதுங்கி நின்று வழிவிட்டோம்.